பாசி வளர்க்க விழைந்த மருத்துவர்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தபின் சேலம், நாமக்கல் சமவெளியிலே நடந்து செல்வோர், பழங்கிணற்றுப் படிகளிலும், செங்கற் சுவர்களின் நிழற்புறத்திலும், பூந்தொட்டிகளின் விளிம்பிலும் பச்சைப் பட்டு விரித்தாற்போலப் பாசி படர்ந்திருத்தலைக் காண்பர். மாசி வெயில் ஏற ஏற அப்பசுமை கருகிப் போகும். சென்ற ஆண்டு யாமும் எம் கிணற்றடிப் பாசியைப் பெயர்த்து மண்தொட்டி ஒன்றிலே பதித்து, நாள்தோறும் இருமுறை நீர் தெளித்து வளர்க்க முயன்றோம். பங்குனித் திங்கள் முடியுமுன் அது மாய்ந்தது. நீர் போதாமையே காரணமென எண்ணி மேலும் மேலும் வார்த்தோம், பயன் விளைந்திலது. இத்தகைய சிறு தோல்வி ஒன்றிலிருந்தே பெருங்கருவி ஒன்றைக் கண்டடைந்த நத்தானியல் பாக்ஷா வார்டு என்பாரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

வார்டு 1791-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே மருத்துவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் கடற்செலவு மேற்கொண்டு ஜமெய்க்காத் தீவுக்குச் சென்றார். அந்நாட்டுக் காடுகளின் வளம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. மாலுமியாகும் விருப்பம் நீங்கிச் செடிகொடிகளின்மேற் காதல் கொண்டு மீண்டார். பின்னர் மருத்துவம் பயின்று, தந்தையார் நடத்திய தொழிலையே தாமும் மேற்கொண்டார். அவர் வாழ்ந்த வெல்குளோஸ் சதுக்கம் இலண்டனின் கீழ்ப்பகுதியில், கப்பல் துறைகளுக்கு அண்மையில் உள்ளது. அங்கே ஏழைமக்கள் நெருங்கி வாழ்ந்தனர். ஆலைகளின் கரும்புகை வானத்தை மூடிக் கிடந்தது.

பாசியும் பெரணியும் போர்த்த பழஞ்சுவர் ஒன்று தமக்கு வேண்டும் என்பது வார்டின் நெடுநாள் ஆசை. தம் வீட்டின் பின்முற்றத்திலே பாறைத் துண்டுகளை அடுக்கி, மேலே துளையிட்ட குழாயொன்றை அமைத்து, நீர் இடையறாது கசிந்து வழியுமாறு செய்தார். பெரணிகளையும் பாசிகளையும் கொணர்ந்து அதிலே பதித்தார். நிழல் இருந்தது; நீர் இருந்தது; மண்ணும் இருந்தது. ஆயினும் அவை ஒன்றன்பின் ஒன்றாய் மடிந்தன. ஆலைப் புகையே அவற்றைக் கொன்றதென வார்டு உணர்ந்தார்.

இதன் காரணத்தை எளிதில் அறியலாம். பாசிக்கு ஏனைச் செடிகளைப்போல் நீர் உறிஞ்சும் உண்மையான வேர் இல்லை. அதன் இலை மிக மெல்லியது. தன்மேல் விழும் நீரை உடல் முழுவதாலும் பருகுவது. ஆதலின் மழையோடு கலந்து வரும் நஞ்சும் தடையின்றி உட்புகும். எம் நாட்டுச் சமையலிலே மணப்பொருளாய்ச் சேர்க்கப்படும் கல்பாசி வேறோர் இனம். காளான் வகையொன்றும் நுண்ணிய பாசியினமொன்றும் ஓருடலாய்க் கூடி வாழ்வது அது. அக்கல்பாசி இனங்களுட் பல புகையை இன்னும் பொறா. 1866-ஆம் ஆண்டில் நைலாண்டர் என்னும் அறிஞர் பாரிஸ் நகரத்து லக்சம்பர்க் பூங்காவில் அவற்றை ஆராய்ந்து, அவை காற்றின் தூய்மையை அளக்கும் கருவியாதல் கூடுமென உணர்த்தினார்.

தோல்வியுற்ற வார்டு மனம் சோர்ந்து அம்முயற்சியைக் கைவிட்டார். 1829-ஆம் ஆண்டில், விட்டிற்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை ஈரமண்ணிலே புதைத்து, வாயகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றில் வைத்து மூடி, பூச்சி வெளிவருதலை எதிர்நோக்கியிருந்தார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாய் எழுந்து கண்ணாடியிற் படிவதையும், குளிர்ந்து துளித்து மீண்டும் மண்ணையே சேர்வதையும் கண்டார். மூடிய புட்டிக்குள் நீர் குறைவதே இல்லை. சின்னாளில் அம்மண்ணிலிருந்து பெரணி ஒன்றும் புல் ஒன்றும் தாமே முளைத்தன. முற்றத்திலே அரும்பாடுபட்டு வளர்த்தும் பிழையாத பெரணி, எவரும் நடாத புட்டியிலே தழைத்தது! நீர் வாராமலே ஏறக்குறைய நான்காண்டுகள் அவை வாழ்ந்தன. வார்டு வெளியூர் சென்றிருந்த காலத்தில் மூடி துருப்பிடித்து மழைநீர் புகுந்தமையால் மாய்ந்தன.

பூச்சியை மறந்து பெரணியைப் பற்றிக்கொண்டார் வார்டு. லாடிஜஸ் என்னும் நாற்றுப்பண்ணையாரின் துணைகொண்டு கண்ணாடிப் பெட்டிகள் பல செய்து ஆராய்ந்தார். அக்காலத்தில் கடல்வழி அனுப்பப்பட்ட செடிகளிற் பெரும்பாலானவை உப்புக் காற்றாலும் நன்னீர்ப் பஞ்சத்தாலும் மடிந்து போயின. 1833-ஆம் ஆண்டில் பெரணி, பாசி, புல் முதலியன நிறைந்த இரு பெட்டிகளைப் பெர்ஷியன் என்னும் கப்பலிலே ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அவை உயிரோடு கரை சேர்ந்தன. மறு ஆண்டு சிட்னியிலே அந்நாட்டுச் செடிகளை நிரப்பித் திருப்பியனுப்பினர். கடுங்குளிரையும் கடுவெப்பத்தையும் கடந்து, எட்டுத் திங்கள் அளவும் நீர் வார்ப்பாரின்றி வந்த அச்செடிகள் இலண்டனிலே பசுமை மாறாதிருந்தன. 1842-ஆம் ஆண்டில் தம் முறையை நூலாக எழுதி வெளியிட்டார்.

அப்பெட்டி உலகெங்கும் பரவியது. ராபர்ட் பார்ச்சூன் என்பார் சீனநாட்டுத் தேயிலைச் செடிகளை இமயச் சாரலுக்குக் கொணர்ந்தது அதிலேதான். மலேரியாச் சுரத்துக்கு மருந்தாகும் சிங்கோனாச் செடிகளை மார்க்கம் என்பார் 1860-ஆம் ஆண்டில் பெரு நாட்டிலிருந்து உதகமண்டலத்துக்கு அனுப்பியதும் அதிலேதான். நெடுவழியின் வெம்மையால் அச்செடிகள் பிழைத்தில. ஆயினும் 1861-ஆம் ஆண்டில் ஈக்வடாரிலிருந்து வந்த செந்தோற் சிங்கோனாக்கள் உயிரோடு சேர, உதகைப் பூங்காத் தலைவர் மக்கைவர் அவற்றைப் பெருக்கினார். நடுவட்டத்தில் தோட்டங்கள் எழுந்தன. 1876-ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் கியூ பூங்காவிலிருந்து இலங்கைக்குச் சென்றதும் அப்பெட்டிகளிலேதான்.

இவ்விடத்திலே சேலத்து மாணவராகிய யாம் சற்று நின்று எண்ண வேண்டியவர்களாயிருக்கின்றோம். சுரத்தால் நலிந்தார் பலர் அப்பெட்டியால் உயிர் பிழைத்தனர் என்பது உண்மை. இலங்கையிலும் மலேயாவிலும் பெருந்தோட்டங்கள் விரிந்தபோது, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து வறுமையால் உந்தப்பட்ட எம் மக்கள் ஆயிரமாயிரவராய்க் கடல் கடந்து கூலிகளாய் உழன்றனர் என்பதும் உண்மை. செடிகளுக்குக் கண்ணாடிக் காப்பு வாய்த்தது. அவற்றைப் பேணச் சென்ற மாந்தருக்கோ அத்தகைய காப்பு வாய்த்திலது. பாசிச் சுவர் ஒன்றை விழைந்த மருத்துவர் இவற்றை எண்ணியிருக்கமாட்டார். பழியும் புகழும் அவர் ஒருவருக்கே உரியன அல்ல. எனினும் ஒரு கருவியின் வரலாற்றைக் கூறுவோர் இரண்டையும் கூறுதலே நேர்மையாகும்.

வார்டின் உள்ளம் வறியோரை மறந்ததன்று. செடிக்கு ஒளியும் தூய காற்றும் இன்றியமையாதனவாயின், இருண்ட சந்துகளில் வாழும் மனிதர்க்கும் அவை இன்றியமையாதனவே என அவர் தம் நூலிலே வற்புறுத்தினார். 1839-ஆம் ஆண்டில் இலண்டன் நுண்ணோக்கிக் கழகம் அவர் இல்லத்திலேயே தோன்றியது. 1852-ஆம் ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினரானார். பின்னாளில் கிளாப்பம் என்னும் ஊரிலே தோட்டத்தோடு வாழ்ந்து, 1868-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 4-ஆம் நாள் உயிர் நீத்தார். தென்னாப்பிரிக்க மலையோடைப் பாறைகளிலே வளரும் பாசி ஒன்றுக்கு வார்டியா என அவர் பெயரையே அறிஞர் சூட்டியுள்ளனர். பாசியை விரும்பிய அவருக்கு இதனினும் பொருத்தமான நினைவுச் சின்னம் யாதுளது?

இவ்வரலாற்றைக் கற்றபின் இவ்வாண்டு மீண்டும் முயன்றோம். அகன்ற கண்ணாடிச் சாடியின் அடியிலே சிறு கற்களும் அவற்றின்மேல் ஈரமண்ணும் இட்டு, பாசியைப் பதித்து, மூடி, வெயில் நேரே படாத வடக்குச் சாளரத்திலே வைத்தோம். சித்திரை வெயில் வெளியே எரிக்கும் இந்நாளிலும் அது பசுமை குன்றாதிருக்கின்றது. சென்ற ஆண்டு எம் பாசிக்குக் குறைந்தது நீரன்று. அந்நீரை நிலைக்கச் செய்யும் ஈரக்காற்றே என்பதை அறிந்தோம். மாணவ நண்பர்களே, நும் முயற்சி ஒன்று வாடுமாயின், அதற்கு மேலும் நீர் வார்க்குமுன், அது வாழும் காற்று எத்தகையது என ஒருமுறை நோக்குமின்.