கறையின் காரணம் தேடியவர்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பல் மருத்துவம் பயின்ற பிரடெரிக் மெக்கே, 1901ஆம் ஆண்டு கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் மலையடிவார நகரில் தம் பணியைத் தொடங்கினார். அங்குப் பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களில் பழுப்புநிறக் கறை படிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அது அகலவில்லை. பன்றி இறைச்சியே காரணம் என்றனர் சிலர். தரமற்ற பாலே காரணம் என்றனர் வேறு சிலர். மருத்துவ நூல்களில் விளக்கம் ஏதும் இல்லை. உள்ளூர்ப் பல் மருத்துவர்களும் அதனைப் பொருட்படுத்தவில்லை. மெக்கே மட்டும் அதைக் கடந்துபோக மறுத்தார்.

அவரது அழைப்பை ஏற்று, பல் மருத்துவ அறிஞர் கிரீன் வார்டிமன் பிளாக் 1909ஆம் ஆண்டு அந்நகருக்கு வந்தார். இருவரும் இணைந்து ஆராய்ந்ததில் இரண்டு உண்மைகள் புலப்பட்டன. நிலைத்த பற்கள் முழுமையாக உருவான பின்னர் அவ்வூரில் குடியேறியவர்களுக்குக் கறை தோன்றவில்லை. ஆகவே, ஈறுகளுக்குள் பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே குறை நேர்கிறது என்பது தெளிவாயிற்று. மற்றோர் உண்மை வியப்பூட்டியது: கறைபடிந்த பற்களை எளிதில் சொத்தை தாக்கவில்லை.

1915ஆம் ஆண்டு பிளாக் மறைந்தார். எனினும், மெக்கே தளரவில்லை. 1923ஆம் ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூருக்குச் சென்றார். ஐந்து மைல் தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய்வழி நீர் வந்த பின்னரே தம் பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றியதாகப் பெற்றோர் கூறினர். அந்நீரை விடுத்து வேறோர் ஊற்றின் நீரைப் பயன்படுத்துமாறு மெக்கே அறிவுறுத்தினார். ஊராரும் அவ்வாறே செய்தனர். சில ஆண்டுகளில் இளஞ்சிறாருக்குக் கறையற்ற நிலைத்த பற்கள் முளைத்தன.

நீரே காரணம் என்பது உறுதியாயிற்று. நீரில் உள்ளது எது என்பதே எஞ்சிய வினா. 1931ஆம் ஆண்டு வேதியியலாளர் சர்ச்சில், அந்நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார். முப்பது ஆண்டுத் தேடலுக்கு விடை கிடைத்தது. அளவு மிகுந்தால் கறை. அளவோடு இருந்தால் காப்பு. இவ்வுண்மையின் அடிப்படையில், 1945ஆம் ஆண்டு கிராண்ட் ராபிட்ஸ் நகரின் குடிநீரில், பத்து இலட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்கு என்ற அளவில் ஃபுளூரைடு சேர்க்கப்பட்டது. அதன் பின்னர்ப் பிறந்த குழந்தைகளிடையே பற்சொத்தை அறுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அவ்வெற்றியைக் கண்ட மெக்கே 1959ஆம் ஆண்டு மறைந்தார்.

விழப்போகும் பற்கள்தாமே என்று பால்பற்களைப் புறக்கணிப்போர் இன்றும் உளர். பால்பற்களின் சொத்தை குழந்தையின் உணவையும் உறக்கத்தையும் கெடுக்கும். அப்பற்களைக் காக்க இன்று மருத்துவர்கள் பூசும் ஃபுளூரைடு பூச்சு, மெக்கேயின் தேடல் காட்டிய வழியில் கிடைத்ததாகும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் மிகை ஃபுளூரைடால் கறைபடிந்த பற்களைக் காணும்போதும் அவர் நினைவுக்கு வருகிறார். ஊரார் சொல்லை ஏற்கவுமில்லை, இகழவுமில்லை, சான்று கிடைக்கும்வரை காத்திருந்தார். அப்பொறுமையே அவர் மருத்துவ உலகுக்கு விட்டுச்சென்ற செல்வம்.