உடலைத் திறந்து பார்த்த வெசாலியஸ்



உங்க கீழ்த்தாடையைக் கொஞ்சம் தடவிப் பாருங்க. அது ஒரே எலும்பு. ஆனா ஐரோப்பாவில் 1300 வருஷத்துக்கு மேலாக அது இரண்டு எலும்பு என்றுதான் டாக்டருக்குப் படித்தார்கள். ரோமானியர் காலத்து மருத்துவர் கேலன் அப்படி எழுதி வைத்திருந்தார். அப்போது மனித உடலை அறுக்க முடியாது. அதனால் குரங்கு, பன்றி, மாடு என்று அறுத்துப் பார்த்து, மனுஷனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதிவிட்டார்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ். 1514 டிசம்பர் 31-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். அப்பா பேரரசருக்கு மருந்து தயாரிப்பவர். சின்னப் பையனாக இருக்கும்போதே எலி, பூனை, நாய் எல்லாம் அறுத்துப் பார்ப்பாராம். (அவங்க அம்மா எப்படித்தான் விட்டாங்களோ!)

1533-ல் பாரிசுக்குப் படிக்கப் போனார். அங்கே பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கேலன் புத்தகத்தை வாசிப்பார். கீழே முடிதிருத்துபவர் ஒருவர் உடலை அறுப்பார். வாசிப்பவர் கிட்டே வந்து பார்க்க மாட்டார். மாணவர்கள் தூரத்தில் நிற்பார்கள். வெசாலியஸ் கத்தியைத் தானே வாங்கி அறுக்க ஆரம்பித்தார்.

1536-ல் லூவன் ஊருக்கு வெளியே தூக்கு மரத்தில் ஒரு குற்றவாளியின் எலும்புக்கூடு தொங்கியது. சதையை எல்லாம் பறவைகள் தின்றுவிட்டன. அதில் ஏறி எலும்புகளைக் கழற்றி, கொஞ்சம் கொஞ்சமாக யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

1537-ல் இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். 23 வயசுகூட முடியவில்லை. ஆட்டு மூளைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் வலை மாதிரி பின்னியிருக்கும். மனிதனுக்கும் அது உண்டு என்று கேலன் எழுதியிருந்தார். வெசாலியஸும் அதை நம்பி 1538-ல் படமாகவே வெளியிட்டார். மனிதத் தலையை அறுக்கும்போது பக்கத்தில் ஆட்டுத்தலை ஒன்றும் தயாராக இருக்கும். மனிதத் தலையில் வலை கிடைக்காது, ஆட்டுத்தலையில் காட்டிவிடுவார்! பிறகு அந்த வலை நமக்குக் கிடையாது, நானும் ஏமாந்தேன் என்று தன் புத்தகத்தில் அவரே எழுதிவிட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது இந்த இடத்தில்தான். யாரும் கேட்கவில்லை, சும்மா இருந்திருக்கலாம்.

1540-ல் பொலோனா நகரில் மனித எலும்புக்கூட்டையும் குரங்கு எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கேலன் சொன்னது எது என்று எல்லோருக்கும் காட்டினார்.

1543-ல் பாசல் நகரில் மனித உடலின் அமைப்பு பற்றிய அவருடைய பெரிய புத்தகம் அச்சானது. மொத்தம் 7 பாகம். அப்போது அவருக்கு 28 வயசு. தசைகளைப் பற்றிய பாகத்தில் தோல் இல்லாத மனிதர்கள் மலை, ஊர் தெரிகிற இடத்தில் நிற்பார்கள். அடுத்தடுத்த படத்தில் ஒவ்வொரு அடுக்குத் தசையாக உரிந்து தொங்கும். பார்க்கப் பயமாகவும் இருக்கும், அழகாகவும் இருக்கும்.

பாரிசில் பாடம் சொன்ன சில்வியஸ் என்ற ஆசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. கேலன் தப்பே செய்யவில்லை, அவருக்கு அப்புறம் மனுஷ உடம்புதான் மாறிப்போச்சு என்று வாதாடினார்! மனம் வெறுத்த வெசாலியஸ் தன் குறிப்புகளைத் தீயில் போட்டுவிட்டு, பேரரசருக்கு வைத்தியராகப் போய்விட்டார். ஆனாலும் 1555-ல் அதே புத்தகத்தைத் திருத்தி மறுபடி அச்சிட்டார்.

1564-ல் ஜெருசலேம் போய்த் திரும்பும் வழியில், கிரேக்க நாட்டுப் பக்கம் சாக்கிந்தோஸ் தீவில் இறந்தார். வயது 49.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி