அம்பேத்கர் பெற்ற உதவித்தொகை

கல்லூரிச் சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்கும் வாரங்களில் கல்லூரி அலுவலகங்களில் ஒரே காட்சியைக் காணலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றை ஓர் உறைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவனுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று கருதிக் கொடுத்திருக்கலாம். அந்த வேலைக்குத் தேவைப்பட்டதோ ஒரே ஒரு ஒப்பீடுதான். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்குள் இருக்கிறதா, இல்லையா என்பதே அது.

நகராட்சியில் நிரந்தரத் தூய்மைப் பணியாளராக இருந்த ஒருவரின் மகள் இந்த உதவித்தொகையில்தான் பி.ஏ. முடித்தார். எம்.ஏ.வில் சேர்ந்தபோது புதிய வருமானச் சான்றிதழ் கொண்டுவந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் தந்தைக்கு அகவிலைப்படி சிலமுறை உயர்ந்திருந்தது. வரம்பைச் சில ஆயிரம் ரூபாய் தாண்டியிருந்தார்கள். இரண்டரை இலட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 20,833 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் விதியின் கண்ணில் அந்தக் குடும்பம் உதவி தேவைப்படாத குடும்பம். விண்ணப்பத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். வேறு வழி எனக்கு இல்லை.

அந்த உதவித்தொகைத் திட்டம் யாருடைய முயற்சியால் வந்தது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று மாலை, பல ஆண்டுகளுக்கு முன் படித்த ஒரு வாழ்க்கை வரலாற்றை மீண்டும் எடுத்தேன். பாபாசாகேப் அம்பேத்கரை அரசியல் சட்டத்தை வகுத்தவர் என்றே நாம் பெரிதும் நினைவுகூர்கிறோம். என்னைப் போன்ற பொருளியல் ஆசிரியர்களுக்கு அவர் முதலில் ஒரு பொருளியலாளர். அந்தப் பொருளியலாளர் உருவானது உதவித்தொகையால். அது கிடைத்தது, நின்றது, நிபந்தனையோடு வந்தது ஆகிய மூன்றும் அவர் வாழ்க்கையில் உண்டு.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் படைப்பிரிவுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஓய்வூதியத்தை நம்பிக் குடும்பம் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர்கள் வாழும் பரேல் பகுதியில் ஒரு சாவடி வீட்டில் குடியிருந்தது. எல்பின்ஸ்டன் பள்ளியில் படித்து 1907-இல் மெட்ரிக் தேறினார். பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை. மகர் சாதியில் பிறந்த ஒரு பையன் அந்தத் தேர்வைத் தேறுவதே அந்நாளில் அபூர்வம் என்பதால் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அங்கே கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார்.

கல்லூரிப் படிப்பைத் தொடரத் தந்தையிடம் பணம் இல்லாமற்போனபோது, இதே கெலுஸ்கர்தான் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அவரை அழைத்துச் சென்றார். மன்னர் இளைஞரிடம் சில கேள்விகள் கேட்டார். பதில்கள் திருப்தியளித்தன. மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. மதிப்பெண் வரம்பு என்று ஒன்று வைத்து, 282-ஐ அதனோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அந்தச் சந்திப்பே நிகழ்ந்திருக்காது. ஒரு மன்னரின் தனிப்பட்ட விருப்பத்தை நம்பிக் கல்விக் கொள்கை நடத்த முடியாது என்பதை அறியாதவன் அல்லன் நான். கெலுஸ்கர் போன்ற ஒருவரின் அறிமுகம் கிடைக்காத பையன்கள் எத்தனை பேர் பரேலில் இருந்திருப்பார்கள்! விதிகள் வேண்டும். எப்படிப்பட்ட விதிகள் என்பதுதான் கேள்வி.

பி.ஏ. முடித்ததும் 1913 தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாள்களிலேயே தந்தை நோயுற்றிருப்பதாகத் தந்தி வந்தது. பம்பாய் திரும்பும் வழியில், தந்தைக்கு இனிப்பு வாங்க சூரத் நிலையத்தில் இறங்கி, ரயிலைத் தவறவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பிப்ரவரி 2 அன்று ராம்ஜி இறந்தார். அந்தச் சமயத்தில்தான் மாணவர்கள் சிலரை அமெரிக்காவுக்கு அனுப்பப் பரோடா மன்னர் எண்ணினார். அம்பேத்கர் தேர்வு செய்யப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மாதம் 11.50 பவுன் உதவித்தொகை. படித்து முடித்ததும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் 1913 ஜூன் 4 அன்று கையெழுத்திட்டார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் பதிவு செய்துகொண்ட பாடங்களின் பட்டியல் வியப்பூட்டும். பொருளியலில் 29, வரலாற்றில் 11, இவற்றோடு சமூகவியல், தத்துவம், மானிடவியல், அரசியல். உதவித்தொகையில் ஒரு பகுதியை ஊரில் இருந்த ரமாபாய்க்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் வயிற்றைக் கட்டிப் பழைய புத்தகங்கள் வாங்கினார். 1915-இல் எம்.ஏ. பட்டம். 1916 மே மாதத்தில் மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய கட்டுரையை வாசித்தார். பேராசிரியர் செலிக்மனின் வழிகாட்டலில் இந்தியாவின் நிதி பற்றிய ஆய்வேட்டைத் தயாரித்துவிட்டு, அவ்வாண்டே இலண்டன் சென்று, பொருளியல் கல்லூரியிலும் கிரேஸ் இன் சட்ட நிறுவனத்திலும் சேர்ந்தார்.

உதவித்தொகையின் காலம் முடிந்தது. சிறிது நீட்டிப்புக்குப் பின் பரோடா திவான் அவரைத் திரும்ப அழைத்தார். 1917-இல் பாதியில் விட்டுவிட்டு நாடு திரும்பினார். வேறொரு கப்பலில் வந்த அவருடைய பெட்டிகள், உலகப் போரில் அக்கப்பல் தாக்கப்பட்டதால் கடலில் போயின. இந்த இடத்தில் நான் எப்போதும் நின்று கவனிப்பது ஒரு சிறு நிர்வாகச் செய்தியை. பேராசிரியர் எட்வின் கேனனின் பரிந்துரையால், நான்கு ஆண்டுகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று இலண்டன் பல்கலைக்கழகம் அனுமதித்தது. பணம் கொடுத்தவரின் விதி கதவைச் சாத்தியது. பாடம் சொன்னவரின் விதி அதைத் திறந்து வைத்தது.

ஒப்பந்தப்படி பரோடா சென்றார். அடுத்து நடந்தது எல்லாரும் அறிந்தது. அமெரிக்காவில் படித்து வந்தவருக்கு ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். சில நாள்களில் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேறச் சொன்னது. வேலையை விட்டுப் பம்பாய் திரும்பினார். பத்து ஆண்டுகள் பணியாற்றுவேன் என்று கையெழுத்திட்டவரைப் பத்து வாரம்கூட அந்த ஊர் தங்கவிடவில்லை. ஒப்பந்தத்தை மீறியவர் யார்?

1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். சம்பளம் மாதம் 450 ரூபாய். அதில் மிச்சம் பிடித்ததும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அளித்த உதவியும், பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனும் சேர்ந்து 1920-இல் மீண்டும் இலண்டன் அனுப்பின. நான்கு ஆண்டுக் கெடு முடிவதற்குள் சென்று சேர்ந்துவிட்டார். 1921-இல் எம்.எஸ்ஸி., 1923-இல் டி.எஸ்ஸி. கொலம்பியாவின் முனைவர் பட்டமோ 1927-இல்தான் முறைப்படி வந்தது. ஆய்வேட்டை அச்சிட்டுப் படிகள் கொடுத்தால்தான் பட்டம் என்பது அங்கு விதி. அச்சிட்ட நூல் வெளிவந்ததே 1925-இல்தான். அந்நூலை அவர் சயாஜிராவ் கெய்க்வாட்டுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

இலண்டனில் அவர் எழுதிய ஆய்வேடு ரூபாயின் பிரச்சினை பற்றியது. தலைப்பைப் பார்த்துச் செலாவணி விகிதம் பற்றிய வறண்ட நூல் என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. என் மாணவர்களிலும் பலர் ஒதுக்கினார்கள். அதன் மையத்தில் இருப்பது மிக எளிய ஒரு கவலை. நாட்டுக்குள் ரூபாயின் வாங்கும் சக்தி நிலையாக இருக்க வேண்டும். விலைவாசி ஏறும்போது கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஆகவே ரூபாயின் மதிப்பு வீழ்ந்தால் ஏற்றுமதியாளர் அடையும் இலாபம் உழைப்பாளியின் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அவர் வாதம். 1925-இல் நாணயம் பற்றிய ராயல் கமிஷன் முன்னும் இதே நிலையில் நின்று சாட்சியமளித்தார். ரூபாயில் சொல்லப்படும் ஓர் எண் மாறாமல் இருப்பதாலேயே அதன் பொருள் மாறாமல் இருப்பதில்லை என்பதை அந்நூலைப் படித்தவர் எவரும் மறக்க முடியாது.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அக்டோபர் மாதத்திலேயே பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து லின்லித்கோ பிரபுவிடம் நீண்ட மனு ஒன்றை அளித்தார். அதில் கல்விக்கென்று ஒரு பகுதி உண்டு. அலிகாருக்கும் பனாரசுக்கும் அரசு மானியம் தருவதைச் சுட்டிக்காட்டி, பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கும், குறிப்பாக அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கும், வெளிநாட்டுப் படிப்புக்கும் மைய அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944-இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் இன்று போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்ற பெயரில் நடந்துவருகிறது. ஒரு மன்னரின் அருளாகத் தாம் பெற்றதைப் பிறருக்கு அரசின் கடமையாக மாற்றினார் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அவருடைய வாழ்க்கையில் அரசியல் சட்டத்துக்கு அடுத்தபடியாக மக்களைத் தொட்ட பணி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950-இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரிக்கு வித்திட்ட கல்லூரி என்று அவர் தொடங்கிய நிறுவனங்களுக்கு ஆட்கள் வந்து சேர்ந்ததிலும் இந்த உதவித்தொகைக்குப் பங்குண்டு. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். திட்டம் தொடர்ந்தது.

இப்போது அந்தத் திட்டத்தின் விதிக்கு வருகிறேன். பெற்றோரின் வருமான வரம்பு 2010-11-இல் 2 இலட்சமாகவும், 2013-14-இல் இரண்டரை இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது. அதன்பின் பத்தாண்டுக்கு மேல் அதே எண். 2020 டிசம்பரில் மைய அமைச்சரவை திட்டத்தைத் திருத்தி, மைய அரசும் மாநில அரசும் 60:40 என்று செலவைப் பகிர வேண்டும் என முடிவு செய்தது. ஐந்தாண்டுகளுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. வரவேற்கத்தக்க முடிவு. வரம்பு மட்டும் அசையவில்லை. 2013-14-க்கும் 2024-25-க்கும் இடையில் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் சுமார் 70 விழுக்காடு ஏறியிருக்கிறது. அன்றைய இரண்டரை இலட்சம் வாங்கியதை வாங்க நாலேகால் இலட்சம் வேண்டும். அதாவது எந்த அரசும் ஆணை பிறப்பிக்காமலே, எந்த அவையும் விவாதிக்காமலே, தகுதி ஆண்டுதோறும் சுருங்கியிருக்கிறது. பிற்படுத்தப்பட்டோரில் வளமானோரைப் பிரிக்கும் கோடும், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான கோடும் 8 இலட்சம் என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகையில் வருமான வரம்பு 8 இலட்சம்தான். அங்கே குறை வேறு இடத்தில் இருக்கிறது. தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். 2022-23-க்கான வழிகாட்டு நெறிகள் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றை ஆய்வுத் தலைப்பாகக் கொள்வோருக்கு உதவித்தொகை இல்லை என்றன. இவற்றையெல்லாம் இந்தியாவிலேயே படிக்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். 1916-இல் நியூயார்க்கில் சாதியைப் பற்றிக் கட்டுரை வாசித்த மாணவரை இந்த விதியின்முன் நிறுத்திப் பார்த்தேன். அவர் தேறமாட்டார்.

வரம்பை விலைக் குறியீட்டோடு இணைத்துவிட்டால் செலவு கட்டுக்கடங்காமல் போகும் என்று நிதித்துறையில் பணியாற்றிய என் நண்பர் ஒருவர் வாதிடுவார். செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அதை வெளிப்படையாக அறிவித்துச் செய்ய வேண்டும். விலைவாசியிடம் அந்த வேலையை ஒப்படைக்கக் கூடாது. இணைப்பது புதிய யோசனையும் அன்று. அரசு ஊழியர்களின் அகவிலைப்படி பல பத்தாண்டுகளாக விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அந்தத் தூய்மைப் பணியாளரின் சம்பளம் உயர்ந்ததும் அப்படித்தான். அரிசியும் பருப்பும் விலை ஏறிவிட்டன, உங்களுக்கு இழப்பு நேர்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஒரு துறை அவருக்குக் கொடுத்த தொகையையே, உங்கள் வருமானம் பெருகிவிட்டது என்பதற்குச் சான்றாக இன்னொரு துறை எடுத்துக்கொண்டது.

அந்த மாணவி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டபோது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சான்றிதழை மட்டும் தனியே எடுத்து, மடிப்புக் கலையாமல் மீண்டும் உறைக்குள் வைத்தார். வேறு எதற்காவது தேவைப்படும் என்று நினைத்திருக்க வேண்டும்.