துண்டைத் தலையில் கட்டச் சொன்ன வக்கீல்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம். ஓர் இளம் வக்கீலின் ஆபீஸ். அவர் அங்கே தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் ஒரு தொழிலாளி அழுதுகொண்டே உள்ளே வந்தார். உடை கிழிந்திருந்தது. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம் வழிந்தது. தலைத் துண்டைக் கையில் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றார்.

அவர் பெயர் பாலசுந்தரம். தமிழர். ஒப்பந்தக் கூலியாக ஒரு வெள்ளைக்காரரிடம் வேலை பார்த்தவர். எஜமான்தான் அப்படி அடித்திருந்தார். வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவருடைய குமாஸ்தா தமிழர். பாலசுந்தரம் சொல்லச் சொல்ல, குமாஸ்தா எடுத்துச் சொன்னார்.

அந்த வக்கீல்தான் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

மகாத்மாவாக நாம் வணங்கும் அவர், இருபது ஆண்டுக்கு மேல் அயல்நாட்டில் வாழ்ந்தவர். அதில் பெரும்பகுதி, பிழைக்க வந்த நம் நாட்டு மக்களுக்கு வக்கீலாக இருந்தவர். அந்தக் கதை, ஊரை விட்டு வந்து பிழைக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை.

பம்பாயில் தோல்வி

1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி போர்பந்தரில் பிறந்த காந்தி, லண்டனில் படித்து 1891-ல் பாரிஸ்டர் ஆனார். பம்பாயில் தொழில் நடத்திப் பார்த்தார். முதல் வழக்கில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். நாக்கு எழவில்லை, தலை சுற்றியது. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பிறகு ராஜ்கோட்டில் மனு எழுதிக் காலம் தள்ளினார்.

அப்போது போர்பந்தரைச் சேர்ந்த ஒரு வியாபாரக் கம்பெனியிடமிருந்து அழைப்பு வந்தது. தாதா அப்துல்லா கம்பெனி என்பது அதன் பெயர். தென்னாப்பிரிக்காவில் 40 ஆயிரம் பவுன் வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அங்குள்ள வெள்ளைக்கார வக்கீல்களுக்கு உதவியாக ஓர் ஆள் வேண்டும். ஓராண்டு வேலை, 105 பவுன் சம்பளம், போக வர முதல் வகுப்புக் கட்டணம், சாப்பாடு, தங்கும் செலவு தனி. 1893 மே மாதம் காந்தி டர்பனில் இறங்கினார்.

இறங்கிய சில நாளிலேயே நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார் மாஜிஸ்திரேட். காந்தி மறுத்து வெளியேறினார். ஜூன் மாதம் பிரிட்டோரியாவுக்குப் போகும் வழியில், முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும், மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ரெயிலிலிருந்து தள்ளப்பட்டார். குளிரில் உட்கார்ந்து இரவைக் கழித்தார்.

குமாஸ்தாவிடம் கற்ற பாடம்

வழக்கோ முழுக்க முழுக்கக் கணக்கு வழக்கு. பாரிஸ்டருக்குக் கணக்கு தெரியாது. பேச்சில் அடிக்கடி வந்த பி நோட் என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. கூச்சப்படாமல் ஒரு குமாஸ்தாவிடம் கேட்டார். அது பிராமிசரி நோட்டுதான் என்று குமாஸ்தா சொல்லிக் கொடுத்தார். காந்தி கணக்கியல் புத்தகம் வாங்கிப் படித்தார். கடிதங்களையும் பேரேடுகளையும் ஒன்று விடாமல் பார்த்தார். உண்மை விவரம் முழுவதும் கையில் இருந்தால் சட்டம் தானாகத் துணைக்கு வரும் என்று அப்போது கண்டுகொண்டார்.

இன்னொன்றும் கண்டார். வாதி அப்துல்லா சேட்டும் பிரதிவாதி தயப் சேட்டும் உறவினர்கள், ஒரே ஊர்க்காரர்கள். வழக்கு நீண்டால் இருவர் பணமும் வக்கீல்களுக்கே போய்விடும். இருவரையும் மாறி மாறிப் பார்த்து மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். தீர்ப்பு அப்துல்லா சேட்டுக்குச் சாதகமானது. தோற்றவர் சுமார் 37 ஆயிரம் பவுனும் செலவுத் தொகையும் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகக் கேட்டால் திவால்தான். திவாலாவதைவிடச் சாவதே மேல் என்று நினைத்த வியாபாரிகள் அவர்கள். நீண்ட தவணையில் வாங்கிக்கொள்ளும்படி ஜெயித்தவரைச் சம்மதிக்க வைக்கப் பெரும்பாடு பட்டார் காந்தி. கடைசியில் இருவர் மானமும் பிழைத்தது.

ஊர் திரும்ப விடவில்லை

வேலை முடிந்தது. ஊர் திரும்பப் புறப்பட்டார். அந்தச் சமயத்தில்தான் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்கும் மசோதா நேட்டால் சட்டசபைக்கு வந்தது. பெரிய பெரிய வியாபாரிகளுக்கே அதன் விவரம் புரியவில்லை. காந்தி விளக்கினார். இருந்து உதவ வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். பொதுக்காரியத்துக்குக் கூலி வாங்க அவர் சம்மதிக்கவில்லை. சுமார் இருபது வியாபாரிகள் தங்கள் வழக்கு வேலைகளுக்காக ஆண்டுக் கட்டணம் கொடுக்க முன்வந்தார்கள்.

வெள்ளைக்கார வக்கீல் சங்கம் அவரைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்த்தது. 1894 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அவரை வக்கீலாக ஏற்றது. கோர்ட்டு விதிப்படி தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்றார் பிரதம நீதிபதி. இம்முறை கழற்றினார். பெரிய போராட்டங்கள் காத்திருக்கும்போது இதற்குச் சண்டை வேண்டாம் என்பது அவர் எண்ணம். இதன்பிறகு சில மாதங்களில்தான் பாலசுந்தரம் வந்தார்.

கூலிக்கு என்ன சட்டம்?

ஒப்பந்தக் கூலி ஐந்து ஆண்டு ஓர் எஜமானிடம் வேலை செய்ய வேண்டும். சொல்லாமல் விலகினால் குற்றம், ஜெயில். அடித்தாலும் ஓட முடியாது. தப்ப இரண்டே வழிதான். கூலிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும், அல்லது வேறு எஜமானுக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் எஜமானே விட்டுக்கொடுக்க வேண்டும்.

காந்தி பதறவில்லை. முதலில் பாலசுந்தரத்தை வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தார். எஜமானுக்குச் சம்மன் போயிற்று. ஆனால் எஜமானை ஜெயிலுக்கு அனுப்புவது காந்தியின் நோக்கமல்ல. ஆளை விடுவித்தால் போதும். எஜமான் சம்மதித்தார். வேறு எஜமானைத் தேடித் தந்தால் சரி என்றார் பாதுகாவலர். இந்தியர் யாரும் ஒப்பந்தக் கூலி வைத்துக்கொள்ள முடியாது என்பதால், நல்ல வெள்ளைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். பாலசுந்தரம் பிழைத்தார்.

அன்று காந்தியின் மனத்தை உறுத்தியது காயம் மட்டுமல்ல. வெள்ளைக்காரரைப் பார்க்கப் போனால் தலைத் துண்டை எடுத்துவிட வேண்டும் என்பது கூலிகளுக்குப் பழக்கமாகிவிட்டது. தன் நாட்டு வக்கீலிடமும் பாலசுந்தரம் அப்படியே நின்றார். துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். தயங்கியபடியே கட்டிக்கொண்டபோது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைக் காந்தி கடைசிவரை மறக்கவில்லை. செய்தி கூலிகளிடையே பரவியது. அவர் ஆபீசுக்குத் தொழிலாளர் வரத் தொடங்கினார்கள். பின்னர் கப்பல் பயணத்தில் தமிழ்ப் பாடப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு தமிழ் எழுத்துகளைக் கற்றார் காந்தி.

கடைக்காரருக்கும் கஷ்டம்

கூலிக்கு மட்டும் கஷ்டமில்லை. 1897-ல் வந்த வியாபார லைசென்ஸ் சட்டப்படி, கணக்கை இங்கிலீஷில் எழுதத் தெரியாதவருக்கு லைசென்ஸ் மறுக்கலாம். அதிகாரி மறுத்தால் கோர்ட்டுக்குப் போகவும் வழியில்லை. இந்த நிலையில்தான் காந்தி மனு எழுதினார், வாதாடினார். 1903-ல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆபீஸ் திறந்தார். அதே ஆண்டு தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை தொடக்கத்தில் தமிழிலும் வெளிவந்தது. என்ன சட்டம் வருகிறது என்பதைத் தன் பாஷையில் படித்தால்தான் பயம் போகும்.

ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர் குடியிருந்த பகுதியை நகராட்சி கையகப்படுத்தியபோது, நஷ்டஈட்டு வழக்குகள் சுமார் 70 அவரிடம் வந்தன. தோற்றது ஒன்றே ஒன்று.

கட்சிக்காரர் பக்கம் தப்பிருந்தால் மறைக்கவும் மாட்டார். நெருங்கிய நண்பர் பார்சி ருஸ்தம்ஜி சுங்க வரி கட்டாமல் சரக்கு இறக்கி மாட்டிக்கொண்டார். அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும்படி காந்தி சொன்னார். ஏய்த்த தொகையைப்போல் இரண்டு மடங்கு கட்டியதும் வழக்கு தீர்ந்தது. ருஸ்தம்ஜி நடந்ததையெல்லாம் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டிவைத்தார்.

குற்றவாளிக் கூண்டில் வக்கீல்

சட்டமே அநியாயமானால் வக்கீல் என்ன செய்வார்? இந்தியர் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற டிரான்ஸ்வால் சட்டத்தைக் காந்தி மீறினார். எந்த நீதிமன்றத்தில் வக்கீலாக நின்றாரோ, அங்கேயே 1908 ஜனவரியில் கூண்டில் நின்று இரண்டு மாதத் தண்டனை பெற்றார்.

1913-ல் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று ஒரு தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்டும் கொடுமையும் நீடித்தது. தமிழ்ப் பெண்களும் சுரங்கத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர்விட்டார். அந்த ஆண்டே புதிய சட்டம் வந்து வரி ஒழிந்தது, திருமணங்கள் செல்லுபடியாயின. ஜூலையில் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார்.

1922-ல் இந்தியாவில் தண்டனை பெற்றதால் லண்டன் வக்கீல் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. 1948-ல் அவர் மறைந்து 40 ஆண்டு கழித்து, 1988-ல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

ஊரை விட்டு வந்தவனுக்குப் பணம் வேண்டும், வேலை வேண்டும். அவற்றோடு, தன் குறையைத் தன் பாஷையில் கேட்டுச் சட்டத்தின் முன் எடுத்துச் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். பாலசுந்தரத்துக்கு அன்று வக்கீலும் கிடைத்தார். அந்த வக்கீலுக்குப் புரியவைக்க ஒரு தமிழ்க் குமாஸ்தாவும் கிடைத்தார். அந்தக் குமாஸ்தா இல்லாமல் அந்த வழக்கே இல்லை.