விபுலானந்த அடிகள்: யாழை அளந்த அறிவியலாளர்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்து இராசேந்திரப்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. தேவாரத்தில் திருஎருக்கத்தம்புலியூர் எனப் போற்றப்பெறும் தலம் அது. ஞானசம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டு இசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊரும் அதுவே. அவர் கைக்கருவி நாளடைவில் வழக்கொழிந்தது. பெயர் நூல்களில் நின்றது. வடிவம் கண்ணினின்றும் ஒலி காதினின்றும் மறைந்தன. மறைந்த அக்கருவியைக் கணக்கிட்டு மீட்க முற்பட்டவர், சிதம்பரத்தில் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்த ஓர் அறிவியல் பட்டதாரி. அவரே விபுலானந்த அடிகள்.

ஈழத்தின் கீழைக்கரையில் காரைதீவு என்னும் ஊரில் 1892 மார்ச்சு 27ஆம் நாள் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாகப் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று அறிவியலில் பட்டயம் பெற்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். ஆய்வுக்கூடமும் ஏட்டுச்சுவடியும் அவரிடம் பகை கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் அறிவியலாசிரியராகப் பணியாற்றியவாறே பயின்று 1920இல் இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டத்தை எய்தினார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியரானார். அப்பதவியை விடுத்து 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவுபூண்டு விபுலானந்தர் என்னும் பெயர் ஏற்றார். ஈழம் திரும்பிப் பள்ளிகளை வளர்த்தார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை முதல் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றது. பல்கலைக்கழகம் தோன்றி ஈராண்டே ஆகியிருந்தது. தில்லை நகரில் அவர் தங்கிய காலம் 1933 வரையே. எனினும் அக்காலம் வகுப்பறையோடு முடியவில்லை. அருகிலுள்ள திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் பகுதிக்குச் சென்று தொண்டாற்றினார். ஏழைச் சிறுவர்க்கு எழுத்தறிவித்தலும் இளங்கோவடிகளை ஆராய்தலும் அவருக்கு ஒரே தவத்தின் இரு முகங்கள்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையும் அவர் ஆய்வுக்கு வித்தாயின. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகட்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் கூறப்பெறும், கூட்டினால் 22. உரைகாரர் தந்த இவ்வெண்களைப் பலரும் மனப்பாடம் செய்து கடந்தனர். அடிகளோ அவற்றை ஒலியியல் கணக்கோடு பொருத்தி வினவினார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின் அதிர்வு இருமடங்காகும். மூன்றில் இரண்டு பங்காக்கின் ஒன்றரை மடங்காகும். குரலினின்று இளி பிறக்கும் இடம் இதுவே. இவ்வழியே நரம்புகளின் நீளத்தையும் பாலைகளின் திரிபையும் பண்களின் இயல்பையும் கணித்துச் சென்றார். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்தசாகரத்தில் 24 சுருதிகளை நிறுவியிருந்தார். அடிகள் 22 அலகே மரபென நின்றார். அடிகளின் முடிவை மறுப்போர் இருக்கலாம். ஆயினும் மறுப்போரும் கணக்கிட்டே மறுத்தல் வேண்டும். அத்தகைய நிலையை உருவாக்கியதே அவர் செய்த பெரும்பணி.

கருவியின் உருவத்திற்குச் சான்று எது? சிற்பங்கள் சில உதவின. பெரிதும் உதவியவர்கள் புலவர்களே. பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார் யாழின் பத்தரை மானின் குளம்பு பதிந்த தடத்திற்கும், அதனைப் போர்த்த தோலை விளக்கின் சுடர் நிறத்திற்கும், துளையடைத்த ஆணிகளை நண்டின் கண்களுக்கும் ஒப்பிட்டார். அவர் கண்டதைக் கண்டவாறே பாடியமையால், கருவி அழிந்த பின்னும் உவமை சான்றாய் நின்றது. வெறும் புகழுரையாகப் பாடியிருப்பின் அடிகளின் கணக்கிற்குப் பிடிப்பே கிடைத்திராது.

அறிவியலைத் தமிழிற் கூறவும் அடிகள் உழைத்தார். 1936இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஏறத்தாழ 14 ஆண்டுகள் நிகழ்ந்த ஆய்வின் பயனான யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையால், 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடிகளின் கணக்கின்படி செய்யப்பெற்ற கருவிகள் அவையில் ஒலித்தன. உடல் நலிந்திருந்த அடிகள் அவ்வொலியைச் செவியாரக் கேட்டார். ஆறு வாரங்களே கழிந்தன. சூலை 19ஆம் நாள் கொழும்பில் மறைந்தார். மட்டக்களப்பில் தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்தில் துயில்கின்றார்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டத்துப் பாவலர்கட்கு இவ்வரலாறு ஒரு கடமையை நினைவூட்டுகின்றது. நம் கண்முன் வழக்கொழியும் ஏற்றமும் உரலும் நாளை நம் கவிதைகளில் மட்டுமே எஞ்சலாம். அன்று ஒருவர் அளவுகோலோடு வந்து நம் சொல்லைத் தட்டிப் பார்ப்பார். முடத்தாமக்கண்ணியாரின் சொல் அச்சோதனையில் வென்றது. நம் சொல்லும் வெல்லுமாறு எழுதுவோமாக!