பழைய டெலிவிஷன் பெட்டிகளில் கலை படைத்தவர்

ரிப்பேரான டெலிவிஷன் பெட்டியை என்ன செய்வோம்? தலையில் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்போம். படம் வராவிட்டால் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடுவோம். அப்படிப்பட்ட பெட்டிகளை வைத்தே உலகப் புகழ் பெற்றவர், நாம் ஜூன் பைக்.

இவர் 1932-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி கொரியாவின் சியோல் நகரில் பிறந்தார். தந்தை ஜவுளித் தொழில் அதிபர். மகன் சிறு வயதிலேயே பியானோ கற்றார்.

1950-ல் கொரியா யுத்தம் மூண்டது. குடும்பம் நாட்டை விட்டு வெளியேறி, கடைசியில் ஜப்பானில் குடியேறியது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பைக், 1956-ல் இசை படிக்க ஜெர்மனிக்குப் போனார். பிறந்த மண்ணை அவர் மறுபடி மிதித்தது 1984-ல்தான். 34 ஆண்டுகள்! லீவு கிடைத்தால் ஊருக்கு ரெயில் ஏறிவிடும் நமக்கு அதை நினைத்துப் பார்க்கவே கஷ்டம்.

ஒரே ஒரு கோடு

ஜெர்மனியில் ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசை மேதையைச் சந்தித்தார். பியானோவை ஓரம் கட்டிவிட்டு, டெலிவிஷன் பக்கம் திரும்பினார். கைமாறிய பழைய பெட்டிகளை வாங்கி, உள்ளே இருந்த ஒயர்களை மாற்றிப் பூட்டினார்.

1963-ம் ஆண்டு மார்ச் மாதம் உப்பர்டால் நகரில் கண்காட்சி வைத்தார். ஒரு பெட்டி, கொண்டு வரும்போதே கெட்டுவிட்டது. திரையில் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது. வேறொருவராக இருந்தால் அதை மூலையில் தள்ளியிருப்பார். பைக் பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார். கோடு செங்குத்தாக நின்றது. அதுவும் ஒரு படைப்பு ஆகிவிட்டது!

1964-ல் நியூயார்க் போனார். அடுத்த ஆண்டு டெலிவிஷன் பெட்டியின் மேல் பெரிய காந்தத்தை வைத்தார். பிக்சர் டியூபுக்குள் பாயும் மின்கதிரைக் காந்தம் திசைதிருப்பும். படம் வளைந்து நெளிந்து கோலம் போட்டது.

1974-ல் ஒரு புத்தர் சிலையை டெலிவிஷனுக்கு எதிரே உட்கார வைத்தார். கேமரா சிலையைப் படம் பிடிக்கிறது. புத்தர் தன்னையே பார்த்துக்கொண்டு இருக்கிறார். அவர் செய்ததில் இதுவே சிறந்தது என்பேன்.

1986-ல் ஒரு குடும்பத்தையே உருவாக்கினார். பழங்காலப் பெட்டிகளில் தாத்தா, பாட்டி. புதிய பெட்டிகளில் குழந்தைகள்!

1,003 பெட்டிகள்

1988-ல் கொரியாவின் குவாச்சோன் நகர அருங்காட்சியகத்தில் 1,003 டெலிவிஷன்களைக் கோபுரமாக அடுக்கினார். அக்டோபர் 3, கொரியா உதயமான நாள். அந்தக் கணக்குதான் 1,003.

1996-ல் பக்கவாதம் தாக்கியது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலை செய்தார். 2006-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி அமெரிக்காவில் மியாமி நகரில் காலமானார்.

அவர் போன பிறகு கோபுரத்துக்குச் சோதனை வந்தது. டியூப் பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 2018-ல் கோபுரம் முழுவதையும் நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் புதிய தட்டைத் திரைகளாக மாற்றிவிட்டால் அது பைக் செய்ததுதானா? இந்தக் கேள்வி எழுந்தது. மாற்றாமல் விட்டால் இருட்டுதான்.

முடிவில் பழைய டியூபுகளைத் தேடிப் பிடித்து 737 பெட்டிகளைச் சரி செய்தார்கள். மீதி 266-க்கு மட்டும் தட்டைத் திரை. 2022 செப்டம்பரில் கோபுரம் மறுபடி ஒளிவிட்டது.