வன்னியைக் காத்த வள்ளல்

சென்ற விஜயதசமியன்று கொட்டாஞ்சேனைக் கோயிலொன்றில் வன்னி வாழை வெட்டுக் காணச் சென்றிருந்தேன். உடன் வந்த மாணாக்கன் ஒருவன், நட்டிருந்த வன்னிக் கிளையைச் சுட்டி, இம்மரத்தால் மனிதர்க்கு ஆவது யாது என வினவினான். வெள்ளவத்தைக்கு மீளும் வழியெல்லாம் யான் அவனுக்குச் சொல்லிவந்தது ஜம்பேசுவரர் வரலாறு.

அவர் 1451ஆம் ஆண்டில், இராஜஸ்தானத்து நாகௌர்ப் பகுதியில், பீபாசர் என்னும் சிற்றூரில், இராஜபுத்திரக் குடியிற் பிறந்தார். ஏழு வயதுவரை வாய் பேசாதிருந்தார் என்பர். நெடுங்காலம் தார்ப் பாலையில் ஆநிரை மேய்த்தார். எம்மரம் கோடையிலும் தழைக்கும், எந்நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்பவற்றை அவர் ஏட்டிலன்றி மாடுகளின் பின் நடந்தே கற்றிருத்தல் வேண்டும்.

பெற்றோர் மறைந்தபின் சம்ராதல் என்னும் மணற்குன்றில் தங்கினார். அக்காலத்தே கொடிய வற்கடம் வந்தது. மழை பொய்த்தால் மக்கள் மரங்களை வெட்டிக் கால்நடைக்கு இட்டனர். அதுவும் தீர்ந்தபின் ஊரைவிட்டு அகன்றனர். வெட்டுண்ட நிலமோ மீண்டு வந்தோரைத் தாங்கவில்லை. 1485இல் அவர் 29 நெறிகளை வகுத்து ஒரு சமயக் கூட்டத்தை நிறுவினார். இருபதும் ஒன்பதும் என்னும் பொருள்படவே அவர்கள் பிஷ்ணோயிகள் எனப்பட்டனர். பச்சை மரம் வெட்டலாகாது, உயிர்களிடத்து இரக்கம் வேண்டும், நீரை வடித்தே பருகல் வேண்டும் என்பன அந்நெறிகளுட் சில.

இலக்கணம் கற்பிக்கும் எமக்குப் பாலையாவது முல்லையும் குறிஞ்சியும் திரிந்த நிலை. அங்கு வாழும் எயினர்க்குப் புலவர் வகுத்த தொழில் ஆறலைத்தல். ஜம்பேசுவரர் கண்ட பாலையிலோ மக்கள் கம்பு விதைத்தனர். ஆவும் ஆடும் ஒட்டகமும் வளர்த்தனர். அவ்வாழ்வைத் தாங்கிய தூண் வன்னி. அந்நாட்டார் அதனைக் கேஜ்ரி என்பர். அதன் வேர் மிக ஆழத்தே நீர் தேடும். தழை கால்நடைக்குத் தீனி. இளங்காயைச் சாங்கிரி என உலர்த்தி வைத்துக் கறி சமைப்பர். ஏனை மரநிழலிற் பயிர் சோரும். வன்னியடியிற் கம்பு செழிக்கும். உதிரும் இலை உரமாதலும், வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்த்தலும் அதற்குக் காரணம். ஆதலின் தழைக்காகக் கிளை கழிப்பர்; மரத்தை வீழ்த்தார். பிஷ்ணோயிகள் இறந்தோரையும் எரியாது புதைக்கின்றனர். மரம் அரிதான நாட்டில் அதன் பயன் சொல்லாமலே விளங்கும்.

1536இல் அவர் மறைந்தார். சமாதி முகாம் என்னும் ஊரில் உள்ளது. அவர் நெறிக்குச் சோதனை பின்னரே வந்தது. 1730இல், ஜோத்பூர் மன்னர் அபயசிங்கரின் ஆட்கள், சுண்ணாம்பு சுட விறகு வேண்டிக் கேஜர்லி என்னும் ஊரின் வன்னிகளை வெட்டப் புகுந்தனர். அமிர்தாதேவி என்னும் பெண்மணி முதலாக 363 பேர் மரங்களைத் தழுவி நின்று உயிர் நீத்தனர். அதன்பின்னரே, பிஷ்ணோயிகளின் ஊர்களில் மரம் வெட்டுதலை மன்னர் தடைசெய்தார்.

இவ்வளவில் வெள்ளவத்தை வந்துவிட்டது. மாணாக்கன் சற்று நின்று, கோயிலில் வெட்டிய கிளை எவ்வூர் மரத்தது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை.